கறை வந்தால் பாஸ்

எஸ்தர் விழுந்தபோது சத்தமே கேட்கவில்லை. அவள் விழுந்தது குழந்தைகள் போடும் வெள்ளைப் பனியன்களின் மேல். அயர்ன் மேசையிலிருந்து அப்போதுதான் வந்த குவியல், சூடு ஆறாமல் கிடந்தது. கையில் ஒரு பனியனைப் பிடித்தபடியே அதில் முகம் புதையச் சாய்ந்தாள். தூரத்திலிருந்து பார்த்தவர்கள் வேலை நேரத்தில் தூங்குகிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

செக்கிங் சூப்பர்வைசர் ருக்குமணி அக்கா ஓடி வந்தார். வந்ததும் முதலில் செய்த காரியம், எஸ்தரின் கன்னத்துக்கு அடியில் ஒரு பழந்துணியைச் செருகியது. எச்சில் பட்டால் பனியனில் கறை ஆகிவிடுமல்லவா? அதற்கு அப்புறம்தான் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

இதைச் சொல்லி நான் அவரைப் பல வருஷம் கிண்டல் செய்திருக்கிறேன். "ஏனுங் மேடம், ரெண்டையுந்தானுங்க காப்பாத்தோணும்?" என்பார், கொஞ்சமும் வெட்கப்படாமல்.

துணிக்கு டாக்டர்

பல்லடம் பஸ்ஸில் இடிபட்டு வேலைக்குப் போன கதையைப் போன வாரம் எழுதியதும், 'அப்படி என்ன வேலை அது?' என்று சிலர் கேட்டிருந்தார்கள். சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருப்பூர் பக்கம் முதலிபாளையத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி. அதன் மாடியில் கண்ணாடித் தடுப்புக்குள் ஒரு சின்ன லேப். துவைத்தால் துணி சுருங்குமா, சாயம் போகுமா, தேய்த்தால் பக்கத்துத் துணியில் ஒட்டுமா என்று சோதித்து எழுதுவது என் வேலை. துணிக்கு டாக்டர் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன். டாக்டருக்கு ஒரு ஸ்டூல்தான் உண்டு, நாற்காலி கிடையாது.

படித்தது பி.எஸ்சி. வேதியியல். ஆசைப்பட்டது டீச்சர் வேலை. பி.எட். சேர இரண்டு வருஷம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, கிடைக்காத எரிச்சலில்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனாலும் எனக்குள் ஒரு டீச்சர் சாக்பீஸோடு தயாராகவே நின்றுகொண்டிருந்தாள். யாராவது அகப்பட்டால் போதும், பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். நான் தொண்டையைச் செருமினாலே அப்பா செருப்பைத் தேடுவார், வெளியே கிளம்ப.

எஸ்தர் சாத்தான்குளம் பக்கத்துப் பெண். கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். என்னைவிட எட்டு மாதம்தான் இளையவள். அந்த எட்டு மாதத்துக்காக என்னை 'அக்கா' என்றாள். செக்கிங் மேசையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டியூப் லைட்டுக்கு அடியில் பனியனை ஒரு தடவை விரித்து, ஒரு தடவை திருப்புவாள். மிளகு அளவு எண்ணெய்ப் பொட்டு இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். அங்கே ஓர் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி, சிவப்புக் கூடையில் போடுவாள்.

சிவப்புக் கூடை என்றால் ரிஜெக்ட். செக்கிங் பெண்களுக்கு உலகமே இரண்டு கூடைதான். கறை இல்லாதது பாஸ், கறை உள்ளது ரிஜெக்ட். நாள் முழுக்க அதையே பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவரின் சட்டையைக்கூட மனதுக்குள் ஸ்டிக்கர் ஒட்டித்தான் பார்ப்பார்கள். கண்டக்டர் ஒருவரின் காலர் தையலைப் பற்றி ருக்குமணி அக்கா அவரிடமே புகார் சொன்னதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அன்று எஸ்தர் விழுந்தது மூன்றாவது தடவை. மேனேஜர் ருக்குமணி அக்காவையும் என்னையும், கூடவே எஸ்தரையும் கூப்பிட்டார்.

"ஏம்மா, ஆடிட் வருதுன்னு தெரியுமல்ல? அந்தம்மா முன்னாடி இந்தப் புள்ள விழுந்துச்சுன்னா ஆர்டர் போச்சு. இன்னொருக்கா விழுந்தா ஊருக்கு பஸ் ஏத்தி உட்ருங்க."

கெட்டவர் இல்லை அவர். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பும் ஆடிட்டர் என்றால் அந்த நாளில் திருப்பூரே அலறும். கழிப்பறைக்குப் புதுக் கதவு வரும். முதலுதவிப் பெட்டிக்கு மருந்து வரும். மேனேஜருக்கு ரத்தக் கொதிப்பு வரும்.

படியில் இறங்கும்போது எஸ்தரின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"ஊருக்குப் போனா அண்ணன் திரும்ப விடமாட்டாம்க்கா. வரும்போதே சொல்லித்தான் விட்டான், மேலுக்கு முடியலன்னு ஒரு நாள் கேட்டாலும் வந்து கூட்டிட்டுப் போயிருவேன்னு."

"போனாத்தான் என்ன? கொஞ்ச நாள் ரெஸ்ட் எடேன்" என்றேன், விவரம் புரியாமல்.

அவள் நின்றுவிட்டாள். "ஊர்ல நான் இன்னார் மவ, இன்னார் தங்கச்சி. அவ்வளவுதாம்க்கா. இங்கதான் எஸ்தர்னு பேரு சொல்லிக் கூப்பிடுதாவ."

அவளை ஊருக்கு அனுப்ப விடக்கூடாது என்று அந்தப் படியில் வைத்தே முடிவு செய்துவிட்டேன். முடிவு செய்வதில் நான் எப்போதுமே வேகம்.

தீவன மூட்டை

மறுநாள் மதியம் அவளுடைய டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சோறு, தண்ணீராய் ஒரு ரசம், ஓர் ஊறுகாய்த் துண்டு. காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். ஹாஸ்டலில் இட்லிக்கு வரிசை நீளம், அதனால் டீ மட்டும் என்றாள். ராத்திரி? மறுபடி இதே சோறு.

எங்கள் அப்பா பல்லடம் பக்கம் பிராய்லர் கோழி வளர்த்தவர். புரதம் என்ற சொல்லை நான் பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொள்ளவில்லை. தீவன மூட்டையில்தான் படித்தேன். இத்தனை பங்கு புரதம், இத்தனை பங்கு கொழுப்பு, நார், உப்பு என்று அதில் அச்சடித்திருக்கும். குஞ்சுக்கு ஒரு தீவனம், இரண்டு வாரம் போனால் வேறு, வண்டி ஏற்றுவதற்கு முன்னால் இன்னொன்று.

மூட்டையை ஒரு நாள் மாற்றிப் பிரித்துவிட்டால் அப்பா ஆடித் தீர்த்துவிடுவார். "கோழி வாயத் தொறந்து கேக்குமா? நாமதான பாக்கோணும்" என்று கத்துவார். அப்படிக் கத்திவிட்டு அவர் சாப்பிடுவது பழைய சோறும் மிளகாயும். அதைக் கேட்டால் அம்மாவுக்கும் அவருக்கும் தனியாக ஒரு சண்டை நடக்கும். அது இப்போது வேண்டாம்.

எஸ்தரின் டிபன் பாக்ஸைப் பார்த்ததும் எனக்கு அந்த மூட்டைதான் ஞாபகம் வந்தது. இவள் கோழியாக இருந்திருந்தால் அப்பாவே தீவனத்தை மாற்றியிருப்பார் என்று தோன்றியது. சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. உள்ளே இருந்த டீச்சர் சாக்பீஸை எடுத்துவிட்டாள்.

ஒரு மதிய வகுப்பு

சோற்றில் என்ன சத்து இருக்கிறது, என்ன இல்லை என்று வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்? கண்ணால் காட்ட வேண்டும். கல்லூரி லேபில் செய்த சோதனைகள் எல்லாம் நினைவில் இருந்தன. சாமான்களுக்கும் பஞ்சமில்லை. ஆடிட்டுக்காக வாங்கிய முதலுதவிப் பெட்டியில் அயோடின் இருந்தது. சாயப் பிரிவிலிருந்து காஸ்டிக் சோடாக் கரைசலைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். மயில்துத்தம் என்கிற காப்பர் சல்பேட் என் அலமாரியிலேயே இருந்தது.

வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று ருக்குமணி அக்கா ஒரு செக்கிங் மேசையையே ஒழித்துக் கொடுத்தார். இருபது இருபத்தைந்து பெண்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாழ்க்கையில் முதல் வகுப்பு!

எஸ்தரின் சோற்றில் நான்கு பருக்கையை ஒரு தட்டில் வைத்து, அயோடினை ஒரு சொட்டு விட்டேன். பழுப்பு மருந்து பட்ட இடம் கருநீலமாக மாறியது.

"அய்யோ சாமி!" என்றார் ருக்குமணி அக்கா.

"பார்த்தீங்களா? இதான் மாவுச்சத்து" என்று வெற்றிப் புன்னகையோடு சொன்னேன். நிறம் வந்த இடம் பின்னால் நிற்பவர்களுக்கும் தெரிய வேண்டுமே! கைக்கு எட்டிய இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் இருந்தது. ஒன்றைக் கிழித்துத் தட்டில் ஒட்டினேன்.

அடுத்தது அவித்த முட்டை. வெள்ளைக் கருவை மசித்து, காஸ்டிக் சோடா ஊற்றி, மயில்துத்தக் கரைசலில் இரண்டு சொட்டு விட்டேன். மெல்ல ஊதா நிறம் ஏறியது. "இது புரதம்!" இன்னொரு ஸ்டிக்கர்.

பிறகு நிலக்கடலை. நசுக்கி, பனியனுக்கு நடுவே வைக்கிற மெல்லிய தாளில் தேய்த்தேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தபோது எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை விட்டது. "தண்ணின்னா காஞ்சிரும். இது காயாது. இதான் கொழுப்பு!" மூன்றாவது ஸ்டிக்கர்.

எதுவும் இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்று காட்ட வெள்ளரிக்காயும் கொண்டு போயிருந்தேன். அயோடின் அதில் பழுப்பாகவே நின்றது. மற்ற இரண்டு சோதனையிலும் ஒரு மாற்றமும் இல்லை. "பாருங்க, சுத்தமா ஒண்ணுமே வரல!" என்று சொல்லி, ஸ்டிக்கர் ஒட்டாமல் தள்ளி வைத்தேன்.

அப்போது ஒரு பெண் முட்டைத் துண்டை எடுக்கக் கை நீட்டினாள். அதில் காஸ்டிக் சோடா! நான் பதறிப்போய், "அதைச் சாப்பிடக் கூடாது! யாரும் வாயில வைக்கக் கூடாது!" என்று கத்தினேன். கத்தியதோடு நிற்காமல் சோறு, முட்டை, கடலை எல்லாவற்றையும் வாரி, பக்கத்தில் இருந்த கூடையில் கொட்டினேன்.

கூடை என்ன நிறம் என்று நான் பார்க்கவில்லை.

மணி அடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். எஸ்தர் என் கையைப் பிடித்து, "எவ்வளவு அழகாச் சொல்லுதிய!" என்றாள். சாயங்காலம் பல்லடம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தும் எனக்குக் கால் வலிக்கவில்லை.

வெள்ளரிக்காய்

ஐந்தாவது நாள் டீ நேரத்தில் எஸ்தர் மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை பனியன் குவியல் இல்லை, சிமென்ட் தரை. நெற்றியில் புடைத்துக்கொண்டது.

ருக்குமணி அக்கா அவள் தலையை மடியில் வைத்திருந்தார். நான் டிபன் பாக்ஸைத் தேடி எடுத்துத் திறந்தேன். வட்ட வட்டமாக நறுக்கிய வெள்ளரிக்காய். அதைத் தவிர ஒன்றும் இல்லை.

"இதென்ன எஸ்தர், சோறு எங்க?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நல்ல பிள்ளை டீச்சரைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"சோறு ரிஜெக்ட்லாக்கா."

முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டேன்.

அயோடின் பட்டால் சோற்றில் கறை வந்தது. முட்டையில் ஊதாக் கறை. கடலையில் எண்ணெய்க் கறை, அதுவும் காயாத கறை. ஏற்றுமதித் தொழிலில் அதைவிடக் கொடியது எதுவுமில்லை. கறை வந்த இடத்திலெல்லாம் நான் அம்புக்குறி ஒட்டினேன். சாப்பிடக் கூடாது என்று கத்தினேன். கடைசியில் எல்லாவற்றையும் சிவப்புக் கூடையில் கொட்டினேன். கறையே வராமல் சுத்தமாக நின்றது வெள்ளரிக்காய் மட்டும்தான். அது பாஸ்.

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். ஒருத்தி, நானும் முட்டையை விட்டுட்டேன் மேடம் என்றாள். இன்னொருத்தி ஹாஸ்டலில் கடலை மிட்டாயைத் தூரப் போட்டிருக்கிறாள். ருக்குமணி அக்கா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "நானும் நாலு நாளாக் கடலைச் சட்னி அரைக்கலீங்க. ஊட்டுல அவருகூடக் கேட்டாரு."

மற்றவர்கள் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டதோடு சரி. சொன்னதை முழுசாக நம்பி, ஐந்து நாள் பட்டினி கிடந்தவள் எஸ்தர்தான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன். அழுகையை அடக்கினால் என் குரல் கோபமாகத்தான் வரும்.

"நீங்க அவ்வளவு சந்தோசமாப் பேசிட்டு இருந்திய. நடுவுல பூந்து கேக்க மனசு வரலக்கா."

இவ்வளவு வருஷம் கழித்தும் இதை எழுதும்போது எனக்குக் கூசுகிறது. யாருக்குச் சொல்கிறேன் என்று பார்க்காமல், சொல்கிற என் அழகையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மேனேஜர் அறையில்

நான்காவது தடவை விழுந்தாயிற்று. பஸ் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. நான் மேனேஜர் அறைக்குள் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நீ துணிய மட்டும் பாத்திருந்தீன்னா இந்த வம்பே இல்ல."

"தப்பு என்னோடதுங்க சார். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. அந்தப் பொண்ண ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மட்டும் ஒரு நாள் குடுங்க."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் ருக்குமணி அக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"சார், அந்தப் புள்ளைய அனுப்புனீங்கன்னா ஆடிட் அன்னிக்கு நானும் லீவுங்க. முன்கூட்டியே சொல்லிப்போட்டேன், அப்பறம் சொல்லலீன்னு சொல்லப்புடாது."

செக்கிங்கில் அவர் இல்லாத ஆடிட்டை மேனேஜர் கற்பனை செய்து பார்த்திருக்க வேண்டும். நெற்றியைத் தேய்த்தார். "ஆடிட் வரைக்கும் பாக்கறேன். அன்னிக்கு அந்தப் புள்ள நிக்கோணும். இல்லீன்னா மூணு பேருத்தையும் ஒரே பஸ்ஸுல ஏத்திருவேன்."

மறுநாள் திருப்பூர் ராயபுரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு எஸ்தரை அழைத்துப் போனேன். விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார்கள். டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய இடம், எங்கள் லேபில் துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணி மாதிரி இருந்தது.

வெள்ளரிக்காய் கடைசி ஐந்து நாள் சமாச்சாரம்தான். அதற்கு முன்னாலிருந்தே ரத்தத்தில் இரும்புச்சத்து இல்லை என்றார் டாக்டரம்மா. நாம் இழுக்கிற மூச்சை உடம்பெங்கும் சுமந்து போக ரத்தத்துக்கு இரும்பு வேண்டும். அது குறைந்தால் நின்ற இடத்தில் கண்ணை இருட்டும். மாத்திரை கொடுத்தார். முருங்கைக்கீரை, ஈரல், நெல்லிக்காய் என்று எழுதிக் கொடுத்தார். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கவே கூடாது, டீ இரும்பை உடம்பில் சேர விடாது என்றும் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் எனக்கு இன்னொன்று உறைத்தது. அவளுக்கு இல்லாதது இரும்பு. என் அயோடினும் மயில்துத்தமும் அதைக் காட்டியே இருக்காது. அன்றைய வகுப்பு சரியாகவே நடந்திருந்தாலும் பாதிப் பாடம்தான்.

ஷேடு கார்டு

எங்கே பிசகியது என்று நான் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, விஷயத்தைப் பிடித்தவர் ருக்குமணி அக்கா.

"ஏனுங் மேடம், நீங்க செக்கிங் டேபிள்ல நின்னுக்கிட்டு டையிங் பேச்சுப் பேசுனீங்க. அங்க கலரு வந்தா நல்லது. இங்க வந்தா ரிஜெக்ட். எங்களுக்கு எப்படீங்க தெரியும்?"

சரியான பேச்சு. டையிங் எனப்படும் சாயப் பிரிவில் வெள்ளைத் துணி உள்ளே போய், கேட்ட நிறம் வெளியே வந்தால்தான் பாஸ். வாடிக்கையாளர் அனுப்பிய நிற மாதிரி அட்டையான ஷேடு கார்டோடு ஒட்ட வைத்துப் பார்ப்பார்கள். நிறம் வரவில்லை என்றால்தான் அங்கே கூச்சல் கிளம்பும்.

அடுத்த வகுப்பைச் சாயப் பிரிவு வாசலில் வைத்தேன். ஸ்டிக்கர் இல்லை, கூடையும் இல்லை. ஓர் அட்டையில் கட்டம் போட்டு ஷேடு கார்டு செய்திருந்தேன். சோற்றுக்கு எதிரே கருநீலம், முட்டைக்கு எதிரே ஊதா, கடலைக்கு எதிரே எண்ணெய்த் தாள்.

"இங்க கறை வந்தா பாஸ்" என்று ஆரம்பித்தேன். "நிறம் வந்தா சத்து இருக்குன்னு அர்த்தம். மருந்து ஊத்துனதை மட்டும் சாப்பிடாதீங்க. மத்ததெல்லாம் நல்லா சாப்பிடுங்க. இப்ப யாராவது குறுக்க கேள்வி கேக்கணும். கேக்கலைன்னா மேல சொல்ல மாட்டேன்."

முதல் கேள்வி எஸ்தரிடமிருந்து வந்தது. "அப்பம் சோறு நல்லதா, கெட்டதாக்கா?"

நல்லதுதான், ஆனால் அது மட்டும் போதாது என்றேன். சோறு வேலை செய்யத் தெம்பு தரும். உடம்பைக் கட்டப் பருப்பும் முட்டையும் வேண்டும். ஒரு வாய் வெறுஞ்சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருக்கச் சொன்னேன். இருபது பேர் வாயை மூடி மென்றது வேடிக்கையாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் ருக்குமணி அக்கா கண்ணை விரித்தார்.

"இனிக்குதுங்க!"

எச்சில் பட்டதும் மாவு சர்க்கரையாக மாற ஆரம்பித்துவிடுகிறது என்று சொன்னேன். "அட, வாய்க்குள்ளயே ஒரு கம்பெனி ஓடுதுங்களே!" என்றார்.

பிறகு ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீரில் ஒரு சொட்டு அயோடின் விட்டு நீலமாக்கினேன். அதில் நெல்லிக்காயைத் துருவிப் பிழிந்தேன். நீலம் இருந்த இடம் தெரியாமல் போனது. கூட்டம் ஒரே குரலில் 'ஹோ' என்றது. வைட்டமின் சி செய்கிற வேலை அது என்றேன். ஆனால் இரண்டு பெண்கள் அதற்குள் நெல்லிக்காயால் பனியன் கறையை எடுக்கலாமா என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எண்ணெய்க் கறை அதற்கு அசையாது என்று நான் அடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கடைசியில் முருங்கைக்கீரை. எந்த மருந்தை விட்டாலும் அந்தப் பச்சைக்குள் ஒன்றும் தெரியவில்லை. எஸ்தர் முன்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இதுல ஒண்ணும் வரலயே. அப்பம் சத்து இல்லையா?"

"இருக்கு. உனக்கு வேண்டியதே இதுலதான் இருக்கு. அதைக் காட்டற மருந்துதான் என்கிட்ட இல்லை" என்றேன்.

ஷேடு கார்டில் கீரைக்கு எதிரே இருந்த கட்டத்தை வெறுமையாகவே விட்டேன். அந்த அட்டையை ருக்குமணி அக்கா செக்கிங் சுவரில் ஆணி அடித்து மாட்டினார். அன்றிலிருந்து எஸ்தருக்கு இட்லி வரிசையில் யாராவது இடம் பிடித்து வைத்தார்கள். ருக்குமணி அக்கா வீட்டிலிருந்து கீரைப் பொரியல் வந்தது. எங்கள் வீட்டிலிருந்து ஈரல் வந்தது. டீக்காரர் வந்தால் நான்கு பேர் சேர்ந்து எஸ்தரின் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்கள்.

ஆடிட்

ஆடிட் இரண்டு தடவை தள்ளிப் போனது. எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. இரும்பு ஏற நாளாகும்.

ஒரு வழியாக அந்தம்மா வந்தார். நெட்டையான வெளிநாட்டுக்காரர், காலில் கேன்வாஸ் ஷூ. கூட வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் அன்று வரவில்லை. எனக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும் என்று மேனேஜர் என்னை இழுத்துப் போய் முன்னால் நிறுத்திவிட்டார்.

காலை எட்டரையிலிருந்து எஸ்தர் மேசையில் நின்றுகொண்டிருந்தாள். நான் அந்தம்மாவைப் பார்த்ததைவிட அவளைப் பார்த்ததுதான் அதிகம். மதியம் ஆயிற்று. மூன்று மணி ஆயிற்று. நின்றுகொண்டேதான் இருந்தாள்.

நான்கு மணிக்கு அந்தம்மா செக்கிங் பக்கம் வந்தார். நேரே சுவர் அட்டையின் முன்னால் போய் நின்றார். இது என்ன சாயத்தின் ஷேடு கார்டு, இந்த ஆர்டரில் ஊதாவே கிடையாதே என்று கேட்டார். மேனேஜரின் முகத்தில் வேர்வை பூத்தது.

"சாயம் இல்லீங்க, சாப்பாடு" என்று ஆங்கிலத்தில் உளறினேன். அந்தம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்தில் நின்ற எஸ்தரைப் பார்த்து, நீ சொல் என்று கையைக் காட்டினார்.

எஸ்தர் கையிலிருந்த பனியனைக் கீழே வைத்துவிட்டு அட்டையைத் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். சோறு, முட்டை, கடலை. நிறம் வந்தால் சத்து இருக்கு. நான் வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்த்தேன். வெற்றுக் கட்டத்தைக் காட்டி அந்தம்மா ஏதோ கேட்டார். இது ஏன் காலி என்று நான் எஸ்தரிடம் கேட்டேன்.

"அது கீரை. அதுல இருக்கது இந்த மருந்துக்குத் தெரியாது. அதுக்காக இல்லன்னு ஆயிருமா?"

அந்தம்மா தலையை ஆட்டினார். யார் இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்.

எஸ்தர் என்னைக் கை காட்டினாள். அவள் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை.

"இந்த அக்காதான். மொதல்ல தப்பாச் சொல்லிக் குடுத்தாவ, நான் விழுந்துட்டேன். பெறவு சரியாச் சொல்லிக் குடுத்தாவ, இப்பம் நிக்கேன்."

அந்தம்மா என் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மேனேஜரும் என் வாயைத்தான் பார்த்தார். முதல் பாதியை விழுங்கிவிட்டு இரண்டாம் பாதியை மட்டும் சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. எஸ்தருக்கு ஆங்கிலம் வராது.

ஆனால் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என்ன சொன்னாலும் அது சரியாகத்தான் இருக்கும் என்பதுபோல. தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் சொன்ன இரண்டு பாதியையும் அப்படியே சொன்னேன்.